வலித்த இடம் வேறு, நேரம் போன இடம் வேறு: ஹைராக்ஸ் தாளில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி

ஓட்டமும் ஜிம் வேலையும் மாறி மாறி வரும் ஹைராக்ஸ் போட்டியை முடித்து வந்தவரிடம் எங்கே கோட்டை விட்டாய் என்று கேட்டால், வலித்த இடத்தைத்தான் சொல்வார். “வால் பால்லதான் மாஸ்டர் போச்சி, கையே எழும்பல.” நேரத் தாளை விரித்தால் வால் பாலில், அதாவது உட்கார்ந்தெழுந்து பந்தைச் சுவர் இலக்கில் எறிவதில், போனது ஒன்றிரண்டு நிமிடம். வலியே தெரியாத இடங்களில் அதைவிட அதிகமாக, சத்தமில்லாமல் போயிருக்கும். அதனால் இந்த வழிமுறையில் ஆளின் கதையை முதலில் கேட்பதில்லை. தாளில் தெரியும் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து மேல்வரிகளை நோக்கிப் போய்க் காரணத்தைத் தேடுகிறோம்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கத்து ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே இந்தப் போட்டிக்கு ஆசைப்பட்டு வருகிறவர்களில் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று பளு தூக்கும் கூட்டம். காமன்வெல்த் போட்டியில் 2014, 2018 இரண்டு முறையும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். அந்தப் பக்கம் பார்பெல் சத்தம் புதிதல்ல. இன்னொன்று ஓட்டக் கூட்டம். கம்மவான்பேட்டை போலப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிய ஊர்களிலிருந்து வரும் பையன்கள், 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்க விடியலிலேயே ஓடுகிறவர்கள். காவலர் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடுகிறவர்களும் இதில் சேர்த்தி. ஒரே மொத்த நேரத்தில் இரண்டு பேர் முடித்தாலும் கோளாறு ஒன்றாக இருக்காது. முதலாமவருக்கு எழுதிக் கொடுத்த பயிற்சியை இரண்டாமவருக்குக் கொடுத்தால் காரியம் கெடும்.

போட்டியின் அமைப்பு தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 1 கிலோமீட்டர் ஓட்டம், பிறகு ஒரு நிலையம். இப்படி எட்டு முறை. நிலையங்களின் வரிசை எந்த ஊரிலும் மாறாது: ஸ்கீ எர்க் (பனிச்சறுக்கு போல நின்றபடி கைப்பிடிகளைக் கீழே இழுக்கும் இயந்திரம்) 1000 மீட்டர், ஸ்லெட் (எடை ஏற்றிய சறுக்குச் சட்டம்) தள்ளுதல் 50 மீட்டர், ஸ்லெட் இழுத்தல் 50 மீட்டர், பர்ப்பி பிராட் ஜம்ப் (படுத்தெழுந்து முன்னால் தாவுவது) 80 மீட்டர், ரோயிங் (துடுப்பு இயந்திரம்) 1000 மீட்டர், ஃபார்மர்ஸ் கேரி (இரு கையிலும் எடை தூக்கி நடப்பது) 200 மீட்டர், மணல் பையோடு லஞ்ச் (பின்முழங்கால் தரையைத் தொட எட்டு வைத்து நடப்பது) 100 மீட்டர், கடைசியில் வால் பால். ஆண்கள் ஓப்பன் பிரிவில் ஸ்லெட்டின் எடையும் சேர்த்துத் தள்ளுவதற்கு 152 கிலோ, இழுப்பதற்கு 103; கையில் 24 கிலோவாக இரண்டு, தோளில் 20 கிலோ, பந்து 6 கிலோ, 100 எறிதல். பெண்கள் ஓப்பனில் அதே வரிசையில் 102, 78, 16 கிலோவாக இரண்டு, 10, பந்து 4 கிலோ. ஒலிம்பிக் ஹாக்கியில் 2008, 2012 இரண்டு முறையும் தங்கம் வென்ற ஜெர்மனி வீரர் மோரிட்ஸ் ஃபுயர்ஸ்டேயும் கிறிஸ்டியன் டோட்ஸ்கேயும் 2017இல் தொடங்கியது இது. இந்தியாவுக்கு வந்தது 2025 மே மாதம், மும்பையில்.

வரிசையும் எடையும் எங்கும் ஒன்றே என்பதால்தான் தாளை வைத்துக் கோளாறு பார்க்க முடிகிறது. மாரத்தானில் பாதை மேடா பள்ளமா என்று விசாரிக்க வேண்டும். இதில் அந்தத் தொல்லை குறைவு.

முதலில் தாளைக் கையில் எடுங்கள்

முடிவுப் பக்கத்தில் 17 எண்கள் இருக்கும். எட்டு ஓட்டம், எட்டு நிலையம், ஒரு ராக்ஸ்ஸோன் நேரம். ராக்ஸ்ஸோன் என்பது ஓட்டப் பாதையிலிருந்து நிலையத்துக்குப் போகவும், முடித்துத் திரும்பி வரவும் ஆகும் நேரத்தின் மொத்தம். கணக்குக்காக ஒரு மாதிரித் தாள் வைத்துக்கொள்வோம். ஆண், ஓப்பன் பிரிவு.

ஓட்டங்கள்: 4:35, 4:58, 5:40, 6:12, 6:05, 6:01, 6:08, 6:50. கூட்டினால் 46:29.

நிலையங்கள்: ஸ்கீ 4:00, தள்ளுதல் 3:10, இழுத்தல் 5:40, பர்ப்பி 6:20, ரோயிங் 4:55, கேரி 2:25, லஞ்ச் 5:50, வால் பால் 8:10. கூட்டினால் 40:30.

ராக்ஸ்ஸோன் 8:20. மொத்தம் 1:35:19.

பாதி நேரம் ஓட்டம் என்பதைப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் இருக்கும். ஜிம் போட்டி என்று நினைத்துப் பேர் கொடுத்தவர்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டினாலே முகம் மாறும்.

இந்த ஆள் ‘வால் பால்லதான் போச்சி’ என்கிறார். சரி, வால் பாலை 6:30க்கு முடித்திருந்தால் மிச்சம் 1:40. ராக்ஸ்ஸோனை 6:30க்குக் கொண்டுவந்திருந்தால் மிச்சம் 1:50. எட்டு ஓட்டத்தையும் 5:20 என்று ஒரே சீராக ஓடியிருந்தால் 42:40, மிச்சம் 3:49. அவர் சொன்ன இடம்தான் மூன்றிலும் சிறியது. 5:20 என்பது அவருக்குப் பெரிய வேகமும் இல்லை. முதல் ஓட்டத்தைவிட 45 நொடி மெதுவானது.

அறிகுறி: முதல் இரண்டு ஓட்டம் பறக்கிறது, நான்காவதில் சரிகிறது

மாதிரித் தாளில் இருப்பது இதுதான். 4:35இல் தொடங்கி நான்காவது ஓட்டத்தில் 6:12. ஆள்சேர்ப்புக்கு ஓடிப் பழகியவர்களிடம் இது அச்சு அசலாக வரும், ஏனென்றால் அவர்கள் உடம்புக்குத் தெரிந்த ஓட்டம் 1.6 கிலோமீட்டரில் முடிந்துவிடும் ஓட்டம். ஆரம்ப விசில் கேட்டதும் கால் அந்தப் பழக்கத்துக்குப் போய்விடுகிறது.

ஒரு எச்சரிக்கை. முதல் ஓட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தொடக்க நெரிசலும் கூட்டத்தின் இழுப்பும் அந்த எண்ணைக் குழப்பும். இரண்டாவது ஓட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதுவும், ஐந்து முதல் ஏழு வரையுள்ள ஓட்டங்களின் சராசரியைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் வேகமாக இருந்தால் நோய் உறுதி.

அடுத்து ஸ்கீ எர்க் வரிக்குப் போங்கள். ஓட்டத்தில் அவசரப்பட்டவர் அங்கேயும் அவசரப்பட்டிருப்பார். அந்த இயந்திரத்தில் வேகம் கூடக்கூடச் செலவு மும்மடிப் பெருக்கமாக ஏறும். 500 மீட்டருக்கு 2:10 என்றால் 159 வாட். 2:00 என்றால் 203 வாட். 1:50 என்றால் 263 வாட். மாதிரித் தாளில் 4:00 என்பது 500 மீட்டருக்கு 2:00. 4:20க்குச் செய்திருந்தால் 20 நொடிதான் இழப்பு. செலவோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். அந்த 20 நொடிக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்று ரோயிங் வரி சொல்கிறது: 4:55, அதாவது சுமார் 109 வாட். இரண்டு இயந்திரத்துக்கும் கணக்கு ஒன்றே. களைக்காதபோது, காலும் சேர்ந்து உழைக்கும் ரோயிங்கில் பெரும்பாலும் ஸ்கீயைவிட நல்ல நேரம் வர வேண்டும். இங்கே சக்தி கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. ரோயிங் வரியில் தப்பு தேடிப் பயனில்லை. தப்பு நான்கு நிலையம் முன்னால் நடந்தது.

மருந்து எளியது, விழுங்கத்தான் கஷ்டம். உங்கள் 10 கிலோமீட்டர் ஓட்ட வேகத்தோடு கிலோமீட்டருக்கு 20 முதல் 30 நொடி சேர்த்து அதையே முதல் ஓட்டத்தின் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். இது என் அளவுகோல்; ஓட்டத்தில் கெட்டிக்காரர்களுக்குக் கொஞ்சம் தளர்த்தலாம். மற்றவர்கள் தாண்டிப் போவார்கள், போகட்டும். 400 மீட்டர் தடத்தில் இரண்டரைச் சுற்றை இந்த வேகத்தில், கடிகாரம் பார்க்காமல், மூன்று நான்கு முறை ஒரே நேரத்துக்குள் ஓடிக் காட்டும் வரை பயிற்சி முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஓட்டம் எட்டும் சீர், ஆனால் எட்டுமே மெதுவு

சத்துவாச்சாரி வகை. ஸ்லெட் தள்ளுதல் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும், இழுத்தலும் அழகு, ஓட்டம் மட்டும் முதலிலிருந்து கடைசி வரை ஏழு நிமிடம். இதில் போட்டி நாளின் தப்பு எதுவும் இல்லை. அடிப்படை மூச்சுத் திறன் போதவில்லை, அவ்வளவுதான். இவருக்கு ஸ்லெட் பயிற்சி இன்னும் கொடுப்பது, உள்ள பணத்தையே மறுபடி எண்ணுவது போல.

வாரத்துக்கு மூன்று நான்கு நாள், பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 40 முதல் 60 நிமிடம். கோட்டையைச் சுற்றி ஓடுங்கள், விடியலில் ஆள் நடமாட்டம் இருக்கும், அலுப்புத் தட்டாது. பளு தூக்கி வந்தவர்களுக்கு இந்த மெதுவான ஓட்டம் அவமானமாகத் தெரியும். “இதுல இன்னா மாஸ்டர் இருக்குது, நடக்கிற மாதிரி இருக்குது” என்பார்கள். இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். உடல் எடை கூடியவர்களுக்கு ஓட்டக் கிலோமீட்டரை ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். கணுக்கால் எலும்பும் குதிகால் தசைநாணும் மூச்சைவிட மெதுவாகத்தான் பழகும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு: வெயிலும் புழுக்கமும். பயிற்சியில் 5:20 ஓடியவர் போட்டியில் எட்டும் 5:50 என்று சீராக வந்தால், அன்றைய காற்றை விசாரியுங்கள். நம் வேலூர் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும், ஆனால் வறண்ட வெயில். வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர வைக்கும். கடலோர மும்பையின் மே மாதம் வேறு. வியர்வை வழியும், ஆனால் உலராது, உடம்பு குளிராது. இதயம் தோலுக்கு ரத்தம் அனுப்புவதில் பாதி கவனத்தைச் செலவிட, காலுக்குப் போவது குறையும். உடம்பு வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். விடியல் 5 மணிக்கு மட்டுமே ஓடிப் பழகியவர், போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து வாரத்தில் சில நாள் சற்று வெயில் ஏறிய பிறகு, மெதுவாக, தண்ணீர் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். அக்கினி நட்சத்திர உச்சி வெயிலில் ஓடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மே மாதப் பயிற்சி நேரத்தை டிசம்பர் நேரத்தோடு ஒப்பிட்டு வருத்தப்படுவதும் வீண்.

அறிகுறி: மூன்றாவது, நான்காவது ஓட்டம் மட்டும் விழுந்து, ஐந்தில் எழுந்துவிடுகிறது

மேலே சொன்ன அவசரக்காரர் தாளிலிருந்து இதைப் பிரித்தறிய வேண்டும். அவருக்கு விழுந்தது எழாது. இவருக்கு எழும். மூன்றாவது ஓட்டம் ஸ்லெட் தள்ளியதற்குப் பின், நான்காவது இழுத்ததற்குப் பின். அப்படியானால் மூச்சு இருக்கிறது, தொடை வலு போதவில்லை. அல்லது வலு இருந்தும் தள்ளும் முறை தப்பு.

எது என்று பார்க்க, தள்ளும் வீடியோ யாராவது எடுத்திருந்தால் போதும். கை நேராக நீட்டி இடுப்பு உயர்ந்து நிற்கிறதா, பெரிய பெரிய எட்டு வைக்கிறாரா, 12.5 மீட்டர் தடத்தில் இரண்டு மூன்று முறை நின்று நின்று தள்ளுகிறாரா. நிற்பதுதான் பெரிய பாவம். நகரும் பொருளை நகர்த்திக்கொண்டே இருப்பதைவிட நின்ற பொருளைக் கிளப்ப அதிக விசை வேண்டும். நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த அபராதத்தைத் தொடை கட்டுகிறது. முழங்கையை மடித்துத் தோளைக் கம்பத்தோடு சேர்த்து, உடம்பைச் சாய்த்து, குட்டி எட்டுகளாக, நிற்காமல். மூச்சு முட்டினால் தடத்தின் கடைசியில், திரும்பும் இடத்தில் மட்டும் ஓய்வு.

பயிற்சிக்கு ஸ்லெட் எங்கே என்பீர்கள். எல்லா ஜிம்மிலும் இருக்காது. இருந்தாலும் அங்குள்ள தரை வேறு, போட்டியின் கம்பளம் வேறு. உராய்வு மாறினால் எடையின் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. “நான் 200 கிலோ தள்ளினேனே” என்று வருகிறவர்கள் போட்டியில் 152இல் திணறுவது இதனால்தான். பழைய லாரி டயரில் கயிறு கட்டி இழுங்கள், குனிந்து தள்ளுங்கள். பாலாற்று மணலில் இழுத்தால் இன்னும் கனக்கும். கிலோவைக் குறிக்க வேண்டாம். 50 மீட்டருக்கு எத்தனை நொடி, எத்தனை முறை நின்றீர்கள் என்று மட்டும் குறியுங்கள். முடித்த உடனே 400 மீட்டர் ஓடுங்கள். களைத்த காலோடு ஓடுவது தனிப் பழக்கம், தனியாக ஓடுவதாலோ தனியாகத் தள்ளுவதாலோ வராது.

அறிகுறி: ஒரு ஓட்டம் மட்டும் மற்றவற்றோடு பொருந்தவே இல்லை

உள்ளரங்கில் 1 கிலோமீட்டர் என்பது சில சுற்றுகள். எத்தனை என்பது அரங்கைப் பொறுத்தது. எண்ண வேண்டியது ஓடுகிறவர் பொறுப்பு. திடீரென்று ஒரு ஓட்டம் இரண்டு நிமிடம் கூடியிருந்தால், அந்தக் கூடுதலை உங்கள் ஒரு சுற்று நேரத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் ஒரு சுற்று சேர்த்து ஓடியிருக்கிறீர்கள். குறைந்திருந்தால் அது அபராதத்தில் போய் நிற்கும். விரலில் ரப்பர் பேண்டு போட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் மாற்றுவது போதும்.

அறிகுறி: ஓட்டமும் நன்று, நிலையமும் நன்று, மொத்தம் மட்டும் மோசம்

ராக்ஸ்ஸோன். மாதிரித் தாளின் 8:20ஐப் பாருங்கள். யாரும் பேசாத எட்டு நிமிடம். நிலையத்தை முடித்ததும் இடுப்பில் கை வைத்து நடப்பது, தண்ணீர் மேசையில் நிற்பது, எந்த வாசல் என்று தேடுவது எல்லாம் இதில் சேரும். ஆளுக்கு அது ஓய்வாகக்கூடத் தோன்றாது, அதனால் நினைவிலும் இருக்காது.

இதற்கு நம் ஊர் ஜிம்களும் ஒரு காரணம். இடம் சின்னது, எல்லாம் பத்தடிக்குள். ஒரு கருவியை விட்டுக் கீழே இறங்கினால் அடுத்தது கைக்கெட்டும் தூரத்தில். களைத்த நிலையில் 50 மீட்டர் ஓடிப்போய் அடுத்த வேலையைப் பிடிக்கும் பழக்கமே உடம்புக்கு இல்லை. பயிற்சியின்போது கருவியைத் திறந்தவெளிக்கு எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாசல் வரை போய்த் தொட்டு வர வேண்டும் என்று வையுங்கள். நடை வேண்டாம், மெல்லோட்டம். இதைவிடச் சுலபமாகக் கிடைக்கும் ஒன்றரை நிமிடம் இந்தப் போட்டியில் வேறெங்கும் இல்லை.

அறிகுறி: வால் பாலில் எட்டு நிமிடம்

இதை வலுக் குறை என்று எடுத்துக்கொண்டு, கனமான பந்து வாங்கிவந்து எறிகிறவர்கள் உண்டு. முதலில் ஒரு கழித்தல் கணக்குப் போடுங்கள். ஒரு எறிதலுக்கு இரண்டரை நொடி என்றால் 100க்கு 250 நொடி. 8:10 என்பது 490 நொடி. மீதி 240 நொடி, நான்கு நிமிடம், பந்து தரையில் கிடந்தது அல்லது எறிந்தது செல்லாமல் போனது.

எப்படி உடைத்தார் என்று கேளுங்கள். “மொத ரவுண்டே 40 போட்டேன் மாஸ்டர், அப்புறம் அஞ்சு அஞ்சா போச்சி” என்றால் விடை கிடைத்துவிட்டது. பத்துப் பத்தாகப் பத்துத் தொகுதி, நடுவில் பத்து நொடி மட்டும்: 250உடன் ஒன்பது இடைவெளிக்கு 90 சேர்த்து 340 நொடி, 5:40. அதே வலு, அதே பந்து. முதல் தொகுதியில் இன்னும் போடலாமே என்று தோன்றும்போதே பந்தைக் கீழே விடுவதுதான் பயிற்சி செய்ய வேண்டியது.

செல்லாதவை கூடியிருந்தால் இரண்டு இடம் பாருங்கள். உட்காரும்போது இடுப்பு முழங்காலுக்குக் கீழே போகிறதா. பந்து இலக்கில் படுகிறதா. ஆண்களுக்கு 3 மீட்டர், பெண்களுக்கு 2.7 மீட்டர் உயரம். வீட்டுச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பழகுகிறவர்கள் டேப் வைத்து அளந்து போடுங்கள். கண் அளவில் போட்ட கோடு எப்போதும் தாழ்வாகத்தான் இருக்கும்.

அறிகுறி: பர்ப்பி வரியில் நேரம் வீங்கியிருக்கிறது

ஒரு முறைக்கு 1 மீட்டர் போனால் 80 பர்ப்பி. 6:20 என்றால் ஒன்றுக்கு 4.75 நொடி. 1.3 மீட்டர் போனால் 62 போதும். ஆனால் எட்டிக் குதிக்கச் சொல்லவில்லை. எட்டிக் குதித்தால் அடுத்த ஓட்டம் அழும். இரண்டு காலும் சேர்ந்து எழும்ப வேண்டும், மார்பு தரையைத் தொட வேண்டும். எழும்போதும் படுக்கும்போதும் காலை ஒவ்வொன்றாக வைக்க விதி தடுக்கவில்லை. துள்ளி எழுவதை விட்டு, அடியெடுத்து எழுந்து பாருங்கள். நேரம் கொஞ்சமும் கூடாமல் இதயத் துடிப்பு இறங்குவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அறிகுறி: ஃபார்மர்ஸ் கேரியில் பிடி நழுவி, இரண்டு மூன்று முறை கீழே வைத்தது

விரல் வலுவை ஏசுவதற்கு முன் மூன்று வரி மேலே, ஸ்லெட் இழுத்தலைப் பாருங்கள். கையால் மட்டும் இழுத்தவருக்கு முன்கை அங்கேயே முடிந்துவிட்டது. ரோயிங்கில் கைப்பிடியை நெரித்தது மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. கயிற்றைக் கை கொக்கியாகப் பிடித்து, உடம்பு எடையைப் பின்னால் சாய்த்து, நிற்பதற்குத் தரையில் குறித்த பெட்டிக்குள் பின்னோக்கி எட்டு வைத்து இழுக்க வேண்டும். கோடு தாண்டக் கூடாது.

வீட்டில் பழகப் பெரிய செலவு வேண்டாம். 20 லிட்டர் தண்ணி கேன் இரண்டு, நிரப்பினால் தலா 20 கிலோவுக்கு மேல். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. லஞ்சுக்குப் பெண்கள் 10 கிலோ அரிசிப் பையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொள்ளலாம். ஆண்கள் இரண்டு பை.

அறிகுறி: எட்டாவது ஓட்டம் படுமோசம்

லஞ்சுக்குப் பின் வருவது. எல்லோருக்கும் மெதுவாகத்தான் இருக்கும். ஏழாவதைவிட 30, 40 நொடி கூடினால் விட்டுவிடுங்கள். ஒன்றரை நிமிடம் கூடி, தொடையில் பிடிப்பும் வந்திருந்தால் லஞ்ச் பயிற்சியின் நீளம் போதவில்லை. இருபது மீட்டர் போய் நிறுத்தி மூச்சு வாங்குவது பயிற்சி ஆகாது. பை கீழே இறங்காமல் 100 மீட்டர், பின்முழங்கால் ஒவ்வொரு முறையும் தரையைத் தொட்டு. அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். ஒன்றரை மணி நேரக் கடும் உழைப்புக்கு வெறும் வயிற்றோடு நின்றவர்களும் உண்டு, முந்தின ராத்திரி பிரியாணியோடு நின்றவர்களும் உண்டு. இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னால் இட்லி நாலு, வாழைப்பழம் ஒன்று. ஆம்பூர் பிரியாணி, போட்டி முடிந்த பிறகு.

அறிகுறி: தாள் ஒன்று சொல்கிறது, கடிகாரம் வேறொன்று சொல்கிறது

தாளை நம்புங்கள். கூரைக்குக் கீழே ஜி.பி.எஸ். உருப்படியாக வேலை செய்யாது. கடிகாரம் காட்டும் 9.4 கிலோமீட்டர், 7.1 கிலோமீட்டர் எல்லாம் கற்பனை. மணிக்கட்டில் ஒளி வைத்து அளக்கும் இதயத் துடிப்பும் கை இறுகப் பிடிக்கும்போது தடுமாறும். ஸ்லெட், ரோயிங், கேரி மூன்றிலும் திடீரென்று 110 காட்டினால் நீங்கள் அமைதியாக இருந்தீர்கள் என்று பொருளில்லை. துடிப்பு வைத்து ஆராய வேண்டும் என்றால் மார்புப் பட்டை வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்த வரைபடத்தை மூடி வையுங்கள்.

அறிகுறி: எதிலும் அடங்கவில்லை

ஓட்டமும் நிலையமும் ஒரே அளவில் சரிந்திருக்கிறது, தொடக்கத்தில் அவசரமும் இல்லை, வெயிலும் இல்லை. அப்போது போட்டிக்கு முந்தைய மூன்று வாரத்தைக் கேளுங்கள். காய்ச்சல் வந்து போனதா, ரயிலில் தூக்கம் கெட்டதா, கடைசி வாரம் வரை பயிற்சியை அடித்துக்கொண்டே இருந்தாரா. பெண்களிடம், சைவ உணவு மட்டும் சாப்பிடும் ஆண்களிடமும், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒருமுறை பார்க்கச் சொல்வது என் வழக்கம். இரும்புச் சத்துக் குறைவு ஓட்ட வரியில்தான் முதலில் தெரியும், எந்தப் பயிற்சியும் அதைச் சரிசெய்யாது.

தாளில் தெரியாத சில அறிகுறிகளுக்கு மாஸ்டர் வைத்தியம் கூடாது. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், கண் இருட்டி விழுந்தது என்றால் டாக்டர் பார்த்துச் சரி சொல்லும் வரை பயிற்சி நிறுத்தம். போட்டி முடிந்த ஓரிரு நாளில் தொடையோ கையோ வீங்கிக் கல்லாக இறுகி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது; அன்றைக்கே மருத்துவமனை. வலி மாத்திரை போட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு மேலும் சுமை.